பெரிய ஐயாவின் காதருகே

விழாவுக்குப் போகும் முன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். அரசாங்க மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருத்தி சொல்லும் முதல் புத்திமதி இதுதானா என்று சிரிக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பண்டாரவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறியதால், கொடுத்த பருப்பு வடையை வாங்கி ஒரே கடியாகக் கடித்துவிட்டேன். அதே நேரம் பார்த்துப் பிரதம விருந்தினர் பெற்றோரிடம் திரும்பிச் சிங்களத்தில் உருக்கமாக நாலு வார்த்தை பேசிவிட்டு என்னைப் பார்த்தார். வடையை அப்படியே விழுங்கினேன். அதிலிருந்த செத்தல் மிளகாய் தொண்டையில் பிடித்து, கண்ணில் நீர் தாரையாக ஓடியது. கரகரத்த குரலில் அவர் பேச்சைத் தமிழில் சொல்லி முடித்தேன். என் கண்ணீரைப் பார்த்துப் பெற்றோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விருந்தினர் போகும்போது, "நல்ல மனசு உள்ள பிள்ளை" என்று அதிபரிடம் சொன்னாராம். வடைக்குக் கிடைத்த பாராட்டு அது.

போன வாரம், மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். படத்தில் ஒரு பெரிய மனிதரின் முழங்கை, அதற்குப் பின்னால் நம் பிள்ளையின் பாதி முகம். கீழே ஒரு கேள்வி: "மேடம், இவங்களோடல்லாம் எப்படிப் பழகுறது? யாரையாச்சும் தெரிஞ்சிருந்தாத்தான் மேல போகலாம்னு எல்லாரும் சொல்றாங்களே." கட்டைவிரலால் பதில் எழுதும் பழக்கம் எனக்கு வரவில்லை. அதனால்தான் உங்கள் எல்லாருக்குமாக இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெரியவர்களோடு பழகுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. நானும் அதற்குச் சேலை மடித்துக் கட்டிக்கொண்டு அலைந்தவள்தான். ஒரு விழாவில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். தோட்டத்துத் துரை, பிரதேச சபைக்காரர், சங்கத்துத் தலைவர், கோயில் தலைவர் என்று அத்தனை பேரும் பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில் ஒரு அடி இடத்துக்காகத் தோளால் இடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர் காதருகே நிற்பது நாம். பதவியும் கிடையாது, மாலையும் கிடையாது, நாற்காலிகூடக் கிடையாது. ஆனாலும் அந்த இடம் நமக்குத்தான். அங்கே நிற்கும்போது மனதில் என்னென்ன ஆசை வரும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு வந்த ஆசை பதுளைக் கச்சேரி, அதுதான் மாவட்டச் செயலகம். மாவட்டம் முழுவதற்குமான மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக ஒரு பதவி அங்கே காலியாகப் போகிறது என்ற பேச்சு அடிபட்டது. நான் அப்போது தூரத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் இருந்தேன். பண்டாரவளை வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாற வேண்டும். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறை ஒன்றில் பிறந்து, எங்கள் வரிசையிலேயே முதலில் அரசாங்க வேலைக்குப் போனவள் நான். கச்சேரியில் ஒரு அறை, கதவில் என் பெயர், தமிழில் போக வேண்டிய கடிதம் தமிழில்தான் போகிறதா என்று பார்க்கிற அதிகாரம். அதற்கு ஆசைப்பட்டேன். அதில் இன்றைக்கும் எனக்கு வெட்கம் இல்லை.

இந்த ஆசையை நான் முதலில் சொன்னது எங்கள் அலுவலகத்து முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம், எங்கள் எல்லாருக்கும் அவர் நானா. நிர்வாகப் பிரிவில் எனக்கு மூத்தவர். பதுளை டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பம். தலை மயிர் ஒன்றுகூடக் கலையாமல் வருவார். ஒரு முகத்தை ஒரு தரம் பார்த்தால் மறக்கமாட்டார். கொழும்பிலிருந்து வருகிற எந்த அதிகாரிக்கும் சர்க்கரை வியாதி இருக்கிறதா, மனைவிக்கு எந்த ஊர், சாரதியின் பெயர் என்ன, எல்லாம் தெரியும். அவரை வெறும் ஜால்ரா என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் இருதய சத்திரசிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தபோது, ஏதோ கல்யாண வீட்டில் அறிமுகமான ஒருவருக்கு நானா போட்ட ஒரே போனில் காரியம் நடந்தது. அவர் சேர்த்த அறிமுகங்களால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் அவர் சொன்னால் கேட்பேன்.

"தங்கச்சி, பெரியாக்கள் பைல் பாக்கிறல்ல, மொகத்தத்தான் பாக்கிற" என்றார் நானா. "அடுத்த கெழம நமுனுகுலப் பக்கம் வீடு குடுக்கிற விழா ஈக்கி. வாற பெரிய ஐயாட கையிலதான் ஒங்கட கச்சேரி ஈக்கி. அவர் பேசுறத நல்லா சொல்லுங்க. பகிடி விட்டா ஆக்கள சிரிக்க வைங்க. பொன்னாடைய எடுத்து யாருக்கிட்டயாச்சும் நீட்டினா நீங்க வாங்கி வெச்சுக்கோங்க. டீ குடிக்கிற நேரத்துல போய் ஒங்கட விஷயத்தச் சொல்லுங்க. அதுக்கு முந்தி வாயத் தொறக்க வாணாம்."

அந்தப் பெரிய ஐயாவின் பதவியைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். கொழும்பில் பெரிய இடத்தில் இருந்தவர், அவர் வாயால் ஒரு சொல் சொன்னால் எனக்குப் பதுளை நிச்சயம் என்பது மட்டும் உங்களுக்குப் போதும்.

விழா நாளன்று மலையில் பனி விலகி நல்ல வெயில். லயத்து அறைகளில் தலைமுறையாக இருந்த குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் அளவு காணியில் தனி வீடு. புதுக் கூரைகள் வரிசையாக மின்னின. தப்பு அடித்து, ஆரத்தி எடுத்து, பன்னீர் தெளித்துப் பெரிய ஐயாவை அழைத்து வந்தார்கள். நம் ஆட்களுக்குப் பொன்னாடை போர்த்துவதென்றால் சொல்லவா வேண்டும். மேடைக்கு வருவதற்குள் அவர் கழுத்தும் காதும் துணியில் புதைந்துவிட்டன. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கவாட்டில் நீட்டினார். நானா சொன்னபடி நானே வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் புடவைக் கடைக் கொடி மாதிரி நின்றேன்.

பேச்சு நன்றாகப் போனது. நடுவில் ஒரு பகிடி விட்டார். மலைநாட்டு அட்டை ஒன்று அவர் காலைக் கடித்துவிட்டு, இவர் ரத்தத்தில் உப்பு ருசி இல்லை என்று அடுத்த அதிகாரியிடம் போனதாக ஒரு கதை. சிங்களத்தில் சொன்னதை நம் ஆட்கள் அட்டையைத் திட்டுகிற குரலிலேயே தமிழில் சொன்னேன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சிரிப்புச் சத்தத்தில் அவர் முதல் தடவையாக என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த ஊர் நீங்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பூனாகலை, ஐயா."

"நன்றாகச் சொல்கிறீர்கள். டீ குடிக்கும்போது வந்து என்னைப் பாருங்கள்."

நானே போய்த் தட்ட வேண்டிய கதவை அவரே திறந்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. மனதுக்குள் கச்சேரி அறைக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். பச்சை.

அடுத்தது பால் காய்ச்சுதல். முதல் வீடு தவமணி என்கிற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். புதுச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. குசினி சின்னது. பெரிய ஐயா, வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி, படம் எடுப்பவர், தவமணி, நான். அதற்கு மேல் ஆள் நுழைய இடமில்லை. பொன்னாடை மூட்டையோடு நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். பெரிய ஐயா குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். அந்தத் தண்ணீரில் பானையை அலசிப் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார்கள். பால் பொங்கும்வரை சும்மா நிற்க வேண்டுமே என்று அவர் தவமணியைப் பார்த்து, "வீடு பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

தவமணி கையைக் கூப்பினார். "வீடு ரொம்ப நல்லாருக்குங்க. மழைக்கு ஒழுகாது, அதுவே போதும். தண்ணிதாங்க. நேத்து பவுசர்ல கொண்டாந்து மேல டேங்க்ல ஊத்துனாங்க, அதான் இன்னைக்கி பைப்புல வருது. நீங்க போனப்பறம் நாளைக்கி வருங்களா?"

தமிழ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பவுசர் என்றால் தண்ணீர் லொறி என்று எழுதப் போனேன். உங்களுக்குத் தெரியாதா என்ன. தெரியாமல் நின்றவர் பெரிய ஐயா ஒருவர்தான். சிரித்த முகத்தோடு என் பக்கம் காதைச் சாய்த்து, "என்ன சொல்கிறார்?" என்றார்.

திட்ட அதிகாரி நம் ஆள். தமிழ் தெரிந்தவர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நன்றி சொல்றாங்கன்னு சொல்லிருங்க மிஸ், நேரமாகுது" என்றார். உதடு அசையாமல் எப்படிச் சொன்னாரோ தெரியாது.

நம் தொழிலில் இந்த இடம் எல்லாருக்கும் வரும். இங்கே யோசிப்பதற்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைக்கும். அதற்கு மேல் போனால் ஏதோ மறைக்கிறோம் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு மூச்சில் எனக்கு முதலில் வந்த நினைப்பு பச்சைத் திரைச்சீலை. பொய் சொல்லவில்லை. டீ குடிக்க இன்னும் கொஞ்ச நேரம். "மிகவும் நன்றி சொல்கிறார் ஐயா" என்றால் முடிந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். தவமணிக்கும் நான் என்ன சொன்னேன் என்று தெரியப் போவதில்லை. யாருக்கும் குறை இல்லாத வேலை.

அப்போது தவமணியைப் பார்த்தேன். அவர் பெரிய ஐயாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலையில் தண்ணீர் இல்லாவிட்டால் ஊற்று நீர் விழும் பீலிக்கு எவ்வளவு தூரம் இறங்கி ஏற வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், குடத்தை இடுப்பில் வைத்து ஏறியவள்தானே நான். இந்தப் பெண்ணின் வாய்க்கும் அந்த மனிதர் காதுக்கும் நடுவில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், நான் வாயை மூடினால் இவர் பேசாத மாதிரிதான் என்று பட்டது. பயமாகவும் இருந்தது.

கிட்டே போய், வெளியே மைக்குக்கும் கூட்டத்துக்கும் கேட்காதபடி, பெரிய ஐயாவின் காதோடு சொன்னேன். சத்தத்தைத்தான் குறைத்தேன், சொல்லைக் குறைக்கவில்லை. வீடு நல்லது என்று தவமணி சொன்னதும், பவுசரும், நாளைக்கு வருமா என்ற கேள்வியும், 'ங்க' என்ற மரியாதை வரைக்கும் அப்படியே போனது.

அவர் சிரிப்பு மாறவில்லை, படம் எடுப்பவர் முன்னால் நின்றாரே. ஆனால் முகம் சற்று இறுகியது, கண் குழாய்க்குப் போய், அங்கிருந்து திட்ட அதிகாரிக்குப் போனது. "சரி, கவனிக்கிறோம் என்று சொல்லுங்கள்" என்றார்.

"கவனிக்கிறோம்னு சொல்றாங்க" என்றேன் தவமணியிடம்.

"யாரு கவனிப்பாங்க, எப்ப கவனிப்பாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க மிஸ்."

முதல் கேள்வியை அறியாமல் கேட்டார் என்று யாராவது நினைத்திருக்கலாம். இரண்டாவதற்கு அந்தச் சாக்கு இல்லை. பொன்னாடை மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதையும் சொன்னேன். இந்தத் தடவை பெரிய ஐயா சிரிக்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, "இதை இந்த அம்மா கேட்கிறாரா, நீங்கள் கேட்கிறீர்களா?" என்றார்.

இதைக் கேட்டுவிட்டால் நம்மில் பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். அவர் என்ன கேட்டாரோ அதையும் மொழிபெயர்த்துவிட்டேன். "நீங்க கேக்குறீங்களா, நான் கேக்குறேனான்னு ஐயா கேக்குறாங்க" என்று தவமணியிடம் சொன்னேன்.

தவமணி ஒரு கையை நெஞ்சில் வைத்தார். "நாந்தாங்க கேக்குறேன்" என்றார், நேராக அவரைப் பார்த்து. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி வழிந்தது. திட்ட அதிகாரி விட்டால் போதும் என்று ஓங்கிக் கை தட்டினார். உள்ளே எல்லாம் நல்லபடி நடந்தது என்று நினைத்து வெளியே தப்பு முழங்கியது. அந்தச் சத்தத்துக்குள் பெரிய ஐயா அதிகாரியைப் பிடித்துக்கொண்டார். மேலே ஊற்றிலிருந்து குழாய் இழுக்கவில்லை, தோட்டத்தின் அனுமதி இன்னும் வரவில்லை, விழா தேதி முந்திவிட்டது என்று அதிகாரி சிங்களத்தில் அடுக்கினார். இருவருக்கும் சிங்களம் தெரியும், எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் தவமணி என் முழங்கையைத் தொட்டார். "என்ன மிஸ் பேசுறாங்க?"

பேசுவது அவருடைய தண்ணீரைப் பற்றி. எனவே ஒவ்வொன்றையும் மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நமக்கு இரண்டு மொழி இருக்கிற மாதிரி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். பெரியவர் பக்கத்துக்கு மட்டும் வேலை செய்தால் அதற்குப் பெயர் வேறு. நான் சொல்வதை அதிகாரி கவனித்தார். அவர் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

கடைசியில் பெரிய ஐயா, "குழாய் வரும்வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் பவுசர் அனுப்ப வேண்டும், நீங்களே பொறுப்பு" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே, "இதையும் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். தவமணி மறுபடி கையைக் கூப்பி நன்றி சொன்னார். அந்த நன்றியை மொழிபெயர்க்கும்போது என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது.

டீ நேரம் வந்தது. சேலையைச் சரி செய்துகொண்டு நின்றேன். ஆசை லேசில் சாகாது. பெரிய ஐயாவைச் சுற்றி ஒரு கூட்டம். ஒரு தடவை கண் என் மேல் பட்டது, பட்டு வழுக்கிப் போனது. திட்ட அதிகாரி வந்து என் கையிலிருந்த பொன்னாடைகளை வாங்கி வேறொரு உத்தியோகத்தரிடம் கொடுத்தார். "ஒங்களுக்கு எதுக்கு மிஸ் இந்த வேல?" என்று மட்டும் கேட்டார். கை காலியானபோதே எனக்கு விளங்கிவிட்டது. கிளம்பும் நேரம் வேனில் இடமில்லை என்றார்கள். வரும்போது நான் உட்கார்ந்து வந்த இருக்கையில் வாழைக்குலை ஒன்று உட்கார்ந்திருந்தது.

கொழுந்து லொறி ஒன்று கீழே போகிறது என்று தப்பு அடித்தவர்கள் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். லொறி வளைவில் திரும்பியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கொள்கைக்காரியாக நிமிர்ந்து உட்கார்ந்து போனேன் என்று எழுத ஆசைதான், ஆனால் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் போனேன். பதுளை போனதே என்ற துக்கம், இனி என்ன வருமோ என்ற பயம். தப்பு அடித்தவர்களில் ஒருவர் வாழையிலையில் பொங்கலைப் பொதிந்து வைத்திருந்தார். "சாப்புடுங்க மிஸ், பசி வந்தா எல்லாமே அழுகையாத்தான் வரும்" என்றார். சாப்பிட்டேன். முந்திரிப்பருப்பு தாராளமாக இருந்தது. நமுனுகுல மலை மேல் வெயில் மஞ்சளாகச் சாய்ந்துகொண்டிருந்தது. பாதிப் பொங்கலுக்குப் பிறகு எனக்கு மனது லேசாகிவிட்டது, ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் நானாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தங்கச்சி, நான் ஒங்கள பக்கத்துல நிக்கச் சொன்ன. கெணறு வெட்டவா சொன்ன?" கொஞ்ச நேரம் கழித்து டீ வாங்கிக் கொடுத்தார். "பவுசர் போகுதான்னு நான் பாத்துக்கிறன்" என்றார். பார்த்தும் கொண்டார். அவருக்குத் தெரிந்த முகங்களில் பவுசர் சாரதியும் ஒருவர்.

பதுளைப் பதவி வேறொருவருக்குப் போனது. நல்ல மனிதர், நல்ல தமிழ், அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னை விழாக்களுக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. அலுவலகத்தில் உட்கார்ந்து சுற்றறிக்கைகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். விழாப் படங்களைப் பத்திரிகையில் பார்க்கும்போது காதருகே வேறு முகம் இருக்கும். பொறாமை இல்லை என்றால் நம்புவீர்களா? இருந்தது.

அடுத்த பெருமழையில் அந்தப் பக்கத்து மலைச்சரிவு ஒன்றில் வெடிப்பு விட்டது. கீழே இருந்த லயங்களைக் காலி செய்து வேறு இடத்துக்கு மாற வேண்டும் என்று அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். என்ன சொன்னாலும் சனங்கள் வாயைத் திறக்கவில்லையாம். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை. கூட்டிப்போன மொழிபெயர்ப்பாளர் தொண்டை வறளப் பேசியும் பதில் இல்லை. கடைசியில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "தண்ணி மிஸ்ஸக் கூட்டிட்டு வாங்க, அப்பறம் பேசுறோம்" என்றதாம். தண்ணி மிஸ் யார் என்று அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. விசாரித்து விசாரித்து, யார் யாரையோ கேட்டு, கடைசியில் எங்கள் நானாவிடம் வந்து நின்றது. அவர் எழுந்து என் மேசைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "தங்கச்சி, வேன் வருது. முன் சீட்டுல ஏறுங்க" என்றார்.

இரண்டாவது கூட்டத்துக்குப் போனேன். மண்டபத்து வாசலில் பெரிய ஐயா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்று நீங்களா? அப்படியானால் நான் யோசித்துத்தான் பேச வேண்டும்" என்றார். கோபமா, பகிடியா என்று தெரியவில்லை. ஆனால் அன்று அவர் உண்மையிலேயே யோசித்துத்தான் பேசினார். எது தரமுடியும், எது முடியாது, எப்போது என்று உடைத்துச் சொன்னார். நான் உடைத்தபடியே சொன்னேன். சனங்கள் திருப்பிக் கேட்டார்கள், கோபப்பட்டார்கள், ஒருவர் அழுதார். அதையும் சொன்னேன். மாலைக்குள் அந்த லயத்து ஆட்கள் மூட்டை கட்டச் சம்மதித்தார்கள். சில வாரத்தில் அந்தச் சரிவு இறங்கியது. லயங்கள் போயின, ஆட்கள் ஒருவரும் போகவில்லை.

கச்சேரி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, சில வருடம் கழித்து, நேர்முகப் பரீட்சைக்குப் போய். யாராவது சொல்லிக் கிடைத்ததா, யாரும் சொல்லாமல் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அலையவில்லை. கடைசி வருடங்களை அங்கே நிம்மதியாகக் கழித்தேன்.

ஆகவே போங்கள், பெரியவர்களைச் சந்தியுங்கள், பெயரைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள், டீ நேரத்தைத் தவறவிடாதீர்கள். நானா மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் வேலை நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பது பாக்கியம்தான். ஆனால் அவருக்குப் பிடிப்பதை மட்டும் காதில் ஊற்றிக்கொண்டிருந்தால், அவருக்கு நீங்கள் அறிமுகமாகவே இல்லை. உங்களிடம் அவர் கண்டது தன்னுடைய சிரிப்பை மட்டும்தான்.

அந்தக் கூட்டம் முடிந்த மாலையில் தவமணி என்னைத் தேடி வந்தார். முதல் கூட்டத்தில் லயத்துச் சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து பின்னாலிருந்து குரல் கொடுத்தது அவர்தான். பவுசர் சில நாள் வராமல் விட்டதையும், "பெரிய ஐயா சொன்னத நான் என் காதால கேட்டேன்" என்று திட்ட அதிகாரியின் அலுவலகத்துக்கே போய் நின்றதையும், குழாய் வந்துவிட்டதையும் மூச்சு விடாமல் சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவருக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். அன்று நான் பெரிய ஐயாவிடம் சொன்னதோ காதோடு காதாக. நான் வேறு எதையாவது சொல்லியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"தவமணி, அன்னைக்கி நீங்க சொன்னத நான் அப்படியேதான் சொன்னேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

தவமணி சிரித்தார். "ஐயாவுக்கு மொகம் மாறிச்சில்ல மிஸ்? நன்றின்னு சொல்லியிருந்தா எதுக்கு மொகம் மாறுது?"